நள்ளிரவில் எண்ணிய படுக்கைகள்

அறக்கட்டளை மருத்துவமனைகளை நடத்தும் அறங்காவலர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்



நான் உங்களில் ஒருவரிடம் சம்பளம் வாங்கியவன். 31 ஆண்டுகள் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டில் உலை கொதித்தது. அதோடு, நான் சொல்ல வரும் குறை அந்த ஒரு காம்பவுண்டுக்குள் அடங்குவதும் இல்லை.

நைட் டியூட்டி வரும் வாரங்களில் இரவு பன்னிரண்டு மணிக்கு வார்டு வார்டாகப் போய் சென்சஸ் எடுப்பது என் பொறுப்பு. எந்த பெட்டில் யார், எது காலி, அன்றைக்கு எத்தனை அட்மிஷன், எத்தனை டிஸ்சார்ஜ், எத்தனை இறப்பு. கேட்டால் சின்ன வேலைதான். ஆனால் முதல் வாரத்திலேயே என் எண்ணிக்கையும் வார்டு சிஸ்டரின் எண்ணிக்கையும் முட்டிக்கொண்டன. பிரசவ வார்டில் பச்சைக் குழந்தை கிடந்த தொட்டிலையும் எண்ணியிருந்தேன். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாதவரைக் கிடத்தியிருந்த டிராலியையும் எண்ணியிருந்தேன். வயதான ஹெட் சிஸ்டர் ஒருவர் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இரும்பை எண்ணாதீங்க. ராத்திரி கூப்பிட்டா எந்த பெட்டுக்கு நர்ஸ் ஓடி வருவாளோ, அதை எண்ணுங்க."

பல வருஷம் கழித்து, பாரிஸில் இருக்கும், பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பு, நாடுகளிடம் மருத்துவமனைப் படுக்கைக் கணக்கு கேட்கும்போது எதைப் படுக்கை என்கிறது என்று படித்தேன். முறையாகப் பராமரிக்கப்பட்டு, கவனிக்க ஆள் இருந்து, உள்நோயாளியை உடனே ஏற்கத் தயாராக இருப்பதுதான் படுக்கை. நலமாக இருக்கும் குழந்தையின் தொட்டில் சேராது. அறுவை மேசை, மயக்கம் தெளியும் டிராலி, அவசரப் பிரிவு ஸ்ட்ரெச்சர், காலையில் வந்து மாலையில் போகிறவருக்கான கட்டில் எதுவும் சேராது. இத்தனையையும் எங்கள் ஹெட் சிஸ்டர் ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தார்.

எங்கள் ஆஸ்பத்திரியின் காகிதங்களில் 220 படுக்கைகள். நான் எண்ணிய எந்த இரவிலும் 184-ஐத் தாண்டியதில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளன்று குடோனிலிருந்து கட்டில்கள் புதுப் பெயின்ட் வாசனையோடு வந்து வரிசையில் நிற்கும். மறுநாள் காலை திரும்பப் போய்விடும். கல்யாண மண்டபத்து நாற்காலிகள் மாதிரி.

இப்போது இதை எழுதக் காரணம் என் தங்கை மகள். ஜெர்மனியில், திருச்சபை அமைப்பு ஒன்று நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். போன புதிதில் ஒருநாள் போனில் சொன்னாள்: "மாமா, இதுவும் நம்ம ஊர் மிஷன் ஆஸ்பத்திரி மாதிரிதான். சுவத்துல சிலுவை இருக்கு, கீழே சாப்பல் இருக்கு. ஆனா கேஷ் கவுன்ட்டர் எங்கன்னு தேடினேன், காணோம்." அப்புறம் விசாரித்துச் சொன்னாள். பெரியவர் ஒருவர் அங்கே படுத்தால் நாளுக்கு 10 யூரோ கட்டுகிறார், அதுவும் வருஷத்தில் 28 நாள் வரைதான். மிச்சமெல்லாம் காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது.

அவளேதான் சென்ற மாதம் ஓர் அட்டவணையைப் படம் பிடித்து அனுப்பினாள். நாடுகளின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள். அரசு மருத்துவமனைப் படுக்கைகள், லாப நோக்கற்ற தனியார் படுக்கைகள், லாப நோக்குள்ள தனியார் படுக்கைகள். "நம்ம நாட்டைத் தேடினேன் மாமா. அந்த நடுக் கட்டத்துக்கு எண்ணே கிடைக்கல. அத்தனை வருஷம் ராத்திரி ராத்திரியா எண்ணினீங்களே, அதெல்லாம் எங்க போச்சு?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த நடுக் கட்டம் உங்களுடையது. அதனால்தான் கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன்.

முதலில் எண் இருக்கும் நாடுகளைப் பார்த்துவிடுவோம். ஜெர்மனியில் மருத்துவமனைகளில் ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம் படுக்கைகள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி உங்களைப் போன்றவர்களிடம் இருக்கிறது: கத்தோலிக்கர்களின் காரித்தாஸ், புராட்டஸ்டன்ட்டுகளின் டியகோனி ஆகியவற்றோடு சேர்ந்த அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம், பழைய அறக்கட்டளைகள். கம்பெனிகளிடம் ஐந்தில் ஒரு பங்கு. பாக்கி அரசுடையது. ஆனால் நோயாளிக்கு இந்தப் பிரிவினை தெரியவே தெரியாது. எந்த நோய்க்கு எவ்வளவு என்று தீர்மானித்த தொகையைக் காப்பீட்டு நிதி கொடுக்கிறது. நகராட்சி ஆஸ்பத்திரிக்கும் சரி, சபை ஆஸ்பத்திரிக்கும் சரி, பங்குச் சந்தையில் பெயர் உள்ள நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்கும் சரி, ஒரே கணக்கு. கட்டடத்துக்கும் கருவிக்கும் மாநில அரசு பணம் தர வேண்டும் என்று 1972-இலேயே சட்டம் போட்டார்கள். மாநிலங்கள் போதுமான அளவு தருவதில்லை என்ற புலம்பல் அங்கே ஓயாமல் கேட்கிறது என்பது வேறு கதை. அந்த நாட்டில் நடுக் கட்டத்து எண் சொல்வது உடைமையாளர் யார் என்பதை. படுத்திருப்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அங்கே இல்லை.

ஜப்பானுக்கு வாருங்கள். ஆயிரம் பேருக்குப் பன்னிரண்டுக்கு மேல் படுக்கைகள். ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி நாலே சொச்சம், பிரிட்டனில் இரண்டரைகூட இல்லை. அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் ஜப்பானைக் கும்பிடத் தோன்றும். அந்தப் படுக்கைகளில் பெரும்பகுதி நடுக் கட்டத்தில்தான் விழுகிறது. ஏனென்றால் லாபத்துக்காக ஆஸ்பத்திரி நடத்த அங்கே சட்டம் இடம் தருவதில்லை. பழைய கம்பெனி ஆஸ்பத்திரிகள் சில மட்டும் விதிவிலக்கு. எண்ணாயிரத்துச் சொச்சம் மருத்துவமனைகளில் பத்துக்கு ஏழு 'மருத்துவக் கழகம்' என்ற சட்ட வடிவில் இருக்கின்றன. அவை ஈவுத்தொகை தரக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கழகங்களில் பல, டாக்டர் குடும்பங்களின் ஆஸ்பத்திரிகள். அப்பா நடத்தியதை மகன் நடத்துகிறார். 2007-க்கு முன் தொடங்கியவற்றில் பலவற்றில் நிறுவியவருக்கு முதலில் போட்ட பங்கின் மேல் உரிமை உண்டு. அந்த ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்குபவற்றுக்கு அது கிடையாது. இவை தவறாக நடத்தப்படுகின்றன என்று நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் காப்பீடு உண்டு, கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, எனவே நோயாளிக்கு நஷ்டமில்லை. ஆனால் அங்கே 'லாப நோக்கற்றது' என்றால் ஈவுத்தொகை இல்லை என்று அர்த்தம். நம் ஊர்க்காரர் 'தர்ம ஆஸ்பத்திரி' என்று சொல்லும்போது மனசில் இருப்பது வேறு. இரண்டும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அந்தப் பன்னிரண்டும் பொறாமைப்படத்தக்க எண் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜப்பானின் ஏறக்குறைய 15 லட்சம் படுக்கைகளில் மூன்று லட்சத்துக்கு மேல் மனநோய்ப் படுக்கைகள். இன்னொரு பெரும்பகுதியில் மாதக்கணக்காகப் படுத்திருக்கும் முதியவர்கள். எல்லா வகைப் படுக்கையையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் உள்ளே போய் வெளியே வரச் சராசரியாக நான்கு வாரத்தை ஒட்டி ஆகிறது. சென்சஸ் எடுத்தவனுக்குத் தெரியும்: நான்கு நாளில் ஆளை அனுப்பும் ஒரு படுக்கையும் நாற்பது நாள் ஆளை வைத்திருக்கும் ஒரு படுக்கையும் ஏட்டில் 'ஒன்று' என்றுதான் விழும்.

நெதர்லாந்தில் ஆஸ்பத்திரிகள் ஏறக்குறைய முழுக்க நடுக் கட்டம்தான். உள்நோயாளியை வைத்துக் கவனிக்கும் மருத்துவமனை லாபத்தைப் பங்கு பிரிக்கக் கூடாது என்பது அங்கே விதி. அவற்றில் யாரும் கன்செஷன் கேட்டு நிற்பதில்லை. எல்லாரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டனின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய அட்டவணையில் அதன் நடுக் கட்டத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் 1948-க்கு முன்னால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நன்கொடையால் நடந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட தர்ம ஆஸ்பத்திரிகள் இருந்தன. மொத்தம் 1,143, அவற்றில் சுமார் 90,000 படுக்கைகள். லண்டனின் பேர்பெற்ற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளெல்லாம் இந்த ரகம். 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் அவை அரசின் கீழ் வந்தன. ஜூலை 4 இரவு ஒரு நோயாளி அங்கே தூங்கப் போயிருப்பார். விடிந்து பார்த்தால் அதே கட்டில், அதே போர்வை, அதே சிஸ்டர். கணக்கில் மட்டும் கட்டம் மாறிவிட்டது. என்னைப் போன்ற ஓர் எழுத்தர் அன்றிரவு ஏட்டில் என்ன எழுதியிருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

அந்த தர்ம ஆஸ்பத்திரிகளில் ஓர் உத்தியோகம் இருந்தது. 1895-இல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையாரை அதற்கு நியமித்தார்கள். வருகிறவர் உண்மையிலேயே ஏழைதானா, கொஞ்சமாவது கட்ட வசதி உண்டா என்று விசாரிப்பது வேலை. மருத்துவ சமூகப் பணி அங்கே அதிலிருந்துதான் கிளைத்தது. நம் ஆஸ்பத்திரிகளில் 'சோஷியல் ஒர்க்கரைப் பாருங்க' என்று கைகாட்டுகிறோமே, அந்த அறையின் பூர்வீகம் இது. ரேஷன் கார்டையும் காதில் கிடக்கும் தோட்டையும் பார்த்துச் சதவீதம் போடும் அறை. ஜூலை 5-க்குப் பிறகு பிரிட்டனில் அப்படி விசாரிக்கவேண்டிய தேவை போய்விட்டது.

அமெரிக்காவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலைமைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அங்கே பொதுமக்களுக்கான மருத்துவமனைகளில் பத்தில் ஏறக்குறைய ஆறு, லாப நோக்கற்ற தனியாருடையவை. அட்டவணையைப் பார்த்தால் தர்ம தேசம். வரிச் சலுகைக்கு ஈடாக அவை என்ன செய்ய வேண்டும் என்று 1956-இல் வருமான வரித் துறை ஒரு விதி சொன்னது: பணம் கட்ட முடியாதவர்களுக்குத் தன் சக்திக்கு இயன்ற அளவு மருத்துவம் பார்க்க வேண்டும். 1965-இல் முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் அரசுக் காப்பீடு வந்தது. இனி இலவச மருத்துவத்துக்கு ஆளே இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ, 1969-இல் விதியைத் தளர்த்தினார்கள். 'சமூகத்துக்கு நன்மை' செய்தால் போதும் என்றாயிற்று. அவசரப் பிரிவை எல்லாருக்கும் திறந்துவைப்பது, மாணவர்களுக்குப் பயிற்சி தருவது, ஆராய்ச்சி நடத்துவது எல்லாம் அந்த நன்மையில் சேரும்.

பிறகு என்ன நடக்கும் என்று கணக்கு எழுதிய எவனும் சொல்வான். பில் கட்டாத ஏழைகள்மேல் லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகளே வழக்குப் போட்ட செய்திகளை அமெரிக்கப் பத்திரிகைகள் வெளியிட்டன. கூலியில் பிடித்தம் செய்யக் கோர்ட் உத்தரவு வாங்கியவையும் உண்டு. 2010-இன் மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்தில் கொஞ்சம் கடிவாளம் போட்டார்கள். யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்ற கொள்கையை எழுத்தில் வைக்க வேண்டும், அது ஊருக்குத் தெரிய வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுவட்டாரத்து மக்களின் தேவை என்ன என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும். கைசர் குடும்ப அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், இந்த ஆஸ்பத்திரிகளுக்குக் கிடைத்த வரிச் சலுகையின் மதிப்பை 2020-ஆம் ஆண்டுக்கு மட்டும் சுமார் 2,800 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். வாங்கிய சலுகைக்கு ஈடாகத் திருப்பித் தருகிறார்களா என்ற சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை.

ஆனால் அந்தச் சண்டை போட அவர்களிடம் காகிதம் இருக்கிறது. ஒவ்வொரு லாப நோக்கற்ற ஆஸ்பத்திரியும் வருமான வரிப் படிவத்தோடு ஓர் இணைப்பைத் தாக்கல் செய்கிறது. ஏழைகளுக்குப் பார்த்த மருத்துவத்தின் அடக்கவிலை எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். ஊரிலிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார்கூட அதை எடுத்துப் படித்துவிட்டு 'இது போதாது' என்று சொல்லலாம். நமக்கு வாய்க்காதது இதுதான்.

தமிழர்களுக்கு இந்த நடுக் கட்டம் அந்நியமானதல்ல. 1840-களின் கடைசியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் ஆஸ்பத்திரி தொடங்கினார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்றுக்கொடுத்து, அதற்கான நூல்களையும் தமிழில் பெயர்த்தார். இன்று இலங்கையின் படுக்கைகளில் பெரும்பாலானவை அரசுடையவை, ஆயிரம் பேருக்கு நாலை ஒட்டி இருக்கின்றன. இங்கே, வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கியது ஒரே ஒரு படுக்கையோடு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கியபோது 12 படுக்கைகள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தபோது 11. இந்த எண்களைப் பிறர் சொல்லி நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆரம்பித்த நாளின் படுக்கை எண்ணிக்கை எல்லாருக்கும் மனப்பாடம். நேற்றிரவின் எண்ணிக்கைதான் கிடைப்பதில்லை.

நாடு முழுவதற்கும் என்ன கணக்கு இருக்கிறது? மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு சுகாதாரத் தொகுப்பில் அரசு மருத்துவமனைப் படுக்கைகள் ஏறக்குறைய 7 லட்சத்து 14 ஆயிரம். மக்கள்தொகையால் வகுத்தால் ஆயிரத்துக்கு அரையே சொச்சம். 2020 ஏப்ரலில், கொரோனா வாசலில் நின்றபோது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் நோய்ப் பரவல் ஆய்வு மையம் ஒன்றையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தியாவில் மொத்தம் 19 லட்சம் படுக்கைகள் இருக்கலாம் என்று கணித்தார்கள். தனியார் படுக்கைகளை அவர்கள் எண்ணவில்லை. எண்ண முடியாது, ஏடு இல்லை. தேசிய மாதிரி ஆய்வில், மருத்துவமனையில் படுத்தவர்கள் அரசிடம் எத்தனை பேர், தனியாரிடம் எத்தனை பேர் போனார்கள் என்ற விகிதத்தை வைத்து ஊகித்தார்கள். நூற்று நாற்பது கோடிப் பேரை நெருங்கும் தேசம் கொள்ளைநோயை எதிர்கொள்ளும்போது, தன்னிடம் எத்தனை படுக்கை என்பதை ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் அத்தனை பேரும் அன்றிரவும் சென்சஸ் எடுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அந்த 2017-18 மாதிரி ஆய்விலேயே இன்னோர் எண் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒவ்வொரு நூறு பேரிலும் அறக்கட்டளை, தொண்டு நிறுவன ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்கள் 2.7 பேர். அவ்வளவுதானா என்று நீங்கள் கோபப்படலாம். எனக்கும் சந்தேகம்தான். இது வீடு வீடாகப் போய்க் கேட்ட கணக்கு. 'எங்க சேர்த்தீங்க?' என்று கேட்டால் ஜனங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பார்த்தா சொல்லப்போகிறார்கள்? கையில் வாங்கிய பில்லை நினைத்துக்கொண்டு 'பிரைவேட்' என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் பெயர்ப்பலகையில் 'டிரஸ்ட்' என்று இருந்தும் அந்த வீட்டுப் பெண்மணிக்கு அது தெரியாமல் போனதென்றால், தப்பு அவள்மேல் இல்லை.

என் குற்றம் ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஓர் ஐப்பசி மாதம், மழை இரவு. காய்ச்சல் முற்றி நினைவு தப்பியிருந்த மனைவியை ஒருவர் டெம்போவில் கொண்டு வந்தார். காட்டு வேலைக்குப் போகிறவர், வேட்டி தொடை வரை நனைந்திருந்தது. கேஷுவால்ட்டியில் ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார்கள். அதற்கு மேல் அட்மிஷன் போட வேண்டும். "பெட் இல்லீங்களே" என்றார்கள். பொய்யென்றும் சொல்ல முடியாது, ஜெனரல் வார்டு நிறைந்து தரையிலும் ஆட்கள். ஆனால் அரைமணி நேரத்துக்கு முன் நான் எடுத்த சென்சஸ் தாள் என் கையில் இருந்தது. அன்றிரவு காலிப் படுக்கைகள் பதினொன்று. அத்தனையும் மாடியில், அட்டாச்டு பாத்ரூம் உள்ள ஸ்பெஷல் ரூம்கள். நர்ஸும் அங்கே இருந்தாள், கூப்பிட்டால் ஓடி வருவாள். ஹெட் சிஸ்டர் சொன்ன இலக்கணப்படி பதினொன்றும் உத்தமமான படுக்கைகள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தர் சொல்வதற்கு அது இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஜி.எச்.சுக்கு அதே டெம்போவில் கிளம்பினார்கள். டிரிப் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அந்த மனிதர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பிறகு என்ன ஆயிற்றென்று தெரியாது. எங்கள் ஏட்டில் ஐ.பி. நம்பர் விழாததால் அந்த அம்மாள் எங்கள் கணக்கில் வரவே இல்லை. மறுநாள் காலை மேலே அனுப்பிய தாளில் '184-இல் 173 நிறைவு, 11 காலி' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது.

நாடுகளின் அட்டவணையில் இந்தப் பதினொன்றும் நடுக் கட்டத்தில், லாப நோக்கற்ற படுக்கையாக, 'கிடைக்கும் நிலையில்' என்று விழும். ஜெர்மனியில் அப்படி விழும் பதினொன்றுக்கு ஓர் அர்த்தம் உண்டு. அங்கே அந்தப் பெண் மாடிக்குப் போயிருப்பாள். இங்கே விழும் பதினொன்றுக்கு என்ன அர்த்தம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாததல்ல. சம்பளம் ஏறிவிட்டது. ஒரு நல்ல மயக்க மருந்து டாக்டரைச் சின்ன ஊரில் தக்கவைப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. வெளிநாட்டு நன்கொடை குறைந்துவிட்டது, விதிகள் இறுகிவிட்டன. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, அதுவும் மாசக்கணக்கில் தாமதம். மாடியில் வாங்குவதை வைத்துத்தான் கீழே கன்செஷன் கொடுக்கிறோம் என்பீர்கள். உண்மை. வசதியுள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்குப் பார்ப்பதை உலகத்துக்கே செய்து காட்டியது மதுரை அரவிந்த்தான். எங்கள் ஆஸ்பத்திரியிலும் 'பழைய பாக்கி' என்று ஒரு பைல் இருந்தது. வருஷக் கடைசியில் பெரிய டாக்டரம்மா அதை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டு 'தள்ளுபடி' என்று எழுதுவார். ஒரு வருஷம் எழுதி எழுதிப் பேனா தீர்ந்து என் பேனாவை வாங்கிக்கொண்டார். அந்த பைலைப் பார்த்தவன் உங்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சொல்ல மாட்டான்.

அந்த நம்பிக்கையில்தான் ஒருமுறை நிர்வாகக் குழுத் தலைவரிடம், இந்தத் தள்ளுபடிக் கணக்கை வாசலில் எழுதி வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாதுப்பா." நல்ல மனிதர், அதை மனசாரத்தான் சொன்னார். அன்று எனக்கு வாய் வரவில்லை, இன்று சொல்கிறேன். அது சொந்தப் பணத்தைக் கொடுக்கிறவனுக்குச் சொன்ன வார்த்தை, ஐயா. வருமான வரி விலக்கு வாங்கிய பணத்தில் ஊராரின் பங்கும் இருக்கிறது. அதற்குக் கணக்குக் காட்டுவது தற்பெருமை ஆகாது.

காட்ட மாட்டேன் என்றால் கோர்ட் காட்டச் சொல்லும். மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்படி அற மருத்துவமனைகள் பத்துச் சதவீதப் படுக்கைகளைப் பரம ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்துச் சதவீதத்தை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். அதை எப்படி நடத்துவது என்ற திட்டத்தை 2006-இல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்தது. மொத்த பில் தொகையில் இரண்டு சதவீதத்தை ஏழை நோயாளர் நிதிக்கென்று தனியாக எடுத்து வைக்கவும் சொன்னது. டெல்லியில், சலுகை விலைக்கு அரசு நிலம் வாங்கிய மருத்துவமனைகள் உள்நோயாளிகளில் பத்துச் சதவீதமும் வெளிநோயாளிகளில் இருபத்தைந்து சதவீதமும் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இவை நாடு முழுக்க வரும் வரை காத்திருப்பது உங்களுக்கு மரியாதையல்ல. 2021-இல் நிதி ஆயோக் லாப நோக்கற்ற மருத்துவமனைகளைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டு, உங்களைப் பாராட்டியிருக்கிறது, கைகொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. கைகொடுக்க வருகிறவர் முதலில் கேட்பது கணக்கைத்தான்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஓ.பி. சீட்டு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு பலகை. அதில் நான்கு எண்கள். நேற்று நள்ளிரவு கவனிக்க ஆளோடு இருந்த படுக்கைகள் எத்தனை. அவற்றில் ஜெனரல் வார்டில் எத்தனை, அதில் காலி எத்தனை. சென்ற ஆண்டு முழுவதும் கட்டணமில்லாமலோ பாதிக்குக் கீழான கட்டணத்திலோ எத்தனை படுக்கை நாட்கள் போயின. நான்காவது எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். பழைய பாக்கி பைலைக் கூட்டினால் உங்களில் பலருக்கு நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய எண் வரும். சிலருக்கு வராது. வராதவர்கள் எழுதத் தயங்குவார்கள் என்பதும் தெரியும், அந்தத் தயக்கமே அந்த ஊருக்கு ஒரு தகவல்தான்.

அதே நான்கு எண்களை மாவட்டச் சுகாதார அதிகாரிக்கும் மாதம் ஒரு தபாலில் அனுப்பிவையுங்கள். யாரும் கேட்கவில்லையே என்று சொல்லாதீர்கள். என் தங்கை மகள் கேட்கிறாள்.

செலவு ஒரு கரும்பலகையும் ஒரு பெட்டி சாக்பீஸும். எழுத ஆளில்லை என்றால் பேருந்துக் கட்டணம் மட்டும் கொடுங்கள், நான் வருகிறேன். இரவு பன்னிரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் எழுத்தர் ஒருவன்,
திண்டுக்கல் மாவட்டம்.